வாளின் முனை

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் மேபல் காத்திருந்தாள். அவள் கணவர் கமாண்டர் லயனல் பாஸ்கோ கப்பலைப் பாறையில் மோதவிட்டதற்காக இன்று கடற்படை விசாரணை.

மத்தியானம் அவர் வந்தார். இடுப்பில் வாள் இல்லை.

"விசாரணை மேசை மேல வச்சிருந்த என் வாளோட முனை என் பக்கம் திரும்பியிருந்துச்சு, மேபல். குற்றவாளின்னு தீர்ப்பு. இருபது வருஷ உத்தியோகம் போச்சு."

மேபல் அழுதாள். "போனா போகட்டும். இந்த யுத்தத்துல என் ரெண்டு அண்ணனையும் கடல் தின்னது போதாதா? வீட்டுக்கு வாங்க, ரோஜா வளர்க்கலாம்."

"நான் தொட்டா புல்லுகூட முளைக்காதே!" என்று சிரிக்க முயன்றார். "கண்ணிவெடி அள்ளுற படகுக்கு ஆள் எடுக்கறாங்க. வர்ற வழியில சாதாரண மாலுமியா பேர் கொடுத்துட்டேன். நாளைக்குப் புறப்படறேன்."

"ஐயோ, அதுல போனவங்க யாருங்க திரும்பி வந்தாங்க?"

"அவமானத்தோட கரையில உட்காரச் சொல்றியா? ஆஸ்பத்திரியில கிடக்கற, என் கப்பலுக்கு வழி கணிச்ச லெப்டினன்ட் கிரேவ்ஸ் நடந்ததை ரெண்டு வரி எழுதியிருந்தா, எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா? பெரிய போர்க்கப்பலே கொடுத்திருப்பாங்க."

மேபல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிரேவ்ஸ் எழுதியிருந்தான். 'வழியைத் தவறாகக் கணித்தது நான்தான், கமாண்டர் மேல் பிழையில்லை' என்று தெளிவாகவே எழுதி, வீட்டு விலாசத்துக்கு அனுப்பியிருந்தான்.

கணவர் இனிமேல் கடலுக்கே போகக்கூடாது என்று, அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டவள் அவள்தான்.