வெள்ளச்சியின் இடது கண்

“பார்வை போயிருமா, டாக்டரம்மா?”

ராஜமுருகன் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. செண்பகனூர்க் குதிரைக் கொட்டகையில், மயக்க ஊசி போட்ட வெள்ளச்சி தலை தொங்கி நின்றது. அதன் வலது கண்ணில் எப்போதோ பூ விழுந்து பார்வை போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணின் இமையில் இப்போது புற்று.

“வெள்ளைக் குதிரைக்கு இமையெல்லாம் ரோஸ் கலர். மலை வெயில் ஆகாது,” என்றாள் டாக்டர் ஜஹீரா. “கட்டியை வெட்டிட்டு, அந்த இடத்தை உறைய வச்சுருவேன். அப்புறம் சொட்டு மருந்து. கண்ணைக் காப்பாத்திரலாம்.”

“பாவம், வலியில கெடக்கு. கண்ணையே எடுத்துட்டா வெரசா ஆறிராதா?”

“கண்ணில்லாத குதிரையில எந்தப் பிள்ளைய ஏத்துவாங்க தம்பி?” என்றாள் அவன் அண்ணி அன்னக்கொடி. ஏரிக்கரையில் வெள்ளச்சி நடந்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

அவள் கணவன் சேனாதிபதி இரண்டு வருஷத்துக்கு முன் பனிமூட்டத்தில் பள்ளத்தில் விழுந்து செத்தான். தம்பி ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். விளிம்பில் குதிரை மட்டும் நின்றிருந்ததாம்.

ஜஹீரா கத்தியை எடுத்தாள். குதிரைக்காரர்கள் இடப்பக்கம் நின்றுதான் கயிறு பிடிப்பார்கள். ராஜமுருகன் வலப்பக்கம் நின்றான். தனக்கு வழிவிடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரங்களில் சொட்டு மருந்து விட்டதெல்லாம் அன்னக்கொடிதான். வேலை கிடக்கிறது என்று அவன் ஒதுங்கிக்கொண்டான்.

“வெள்ளச்சி கனைச்சாலே தம்பிக்குத் தூக்கிவாரிப் போடுது டாக்டர். ஆளு பாதியா எளைச்சுட்டாரு. அண்ணன் நெனப்புதான்.”

மூன்றாம் மாதம் ஜஹீரா கடைசியாக வந்து பார்த்தாள். இமை வழுவழுவென்று ஆறியிருந்தது. கண்ணுக்கு நேரே கையை வீசினாள். வெள்ளச்சி சட்டென்று இமைத்தது.

“சுத்தமா குணமாயிருச்சு. பார்வைக்கு ஒரு கொறையும் இல்ல. இன்னும் பத்து வருஷம் நல்லா பாக்கும்.”

அன்னக்கொடி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, டீ போட உள்ளே ஓடினாள். ராஜமுருகன் அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்து தேம்பினான்.

அண்ணன் விட்டுப்போன உயிராயிற்றே, சந்தோஷம் தாங்கவில்லை போலும். ஜஹீரா அவன் தோளைத் தொட்டாள். “அழாதீங்க. அதான் கண்ணு தப்பிச்சிருச்சே.”

வெள்ளச்சி மெல்லக் கழுத்தைத் திருப்பி, அந்த ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தது. அவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“அண்ணன் கைய நீட்டுனப்ப நான் புடிக்காம நின்னேன்... இது பாத்துருச்சு, டாக்டரம்மா.”