தலை குனியும் வரை

ஆக்லாந்தில் லாவினியாவின் முதுகலைப் பட்டத்துக்கான தனிப்பாட்டுக் கச்சேரி. மேடையேறுமுன் தன் டோங்கா தீவு உறவுக்கூட்டம் மொத்தத்தையும் அரங்க வாசலிலேயே நிறுத்தினாள்.

“இது கல்யாண வீடு இல்ல, பரீட்சை. நடுவுல எந்திரிச்சு ஆடக் கூடாது. நம்ம ஊர் வழக்கம்னு என் தோள்ல பணநோட்டு ஒட்டக் கூடாது. கடைசியில நான் சபைக்கு வணக்கமா தலை குனியற வரைக்கும் ஒரு சத்தம் வந்தாலும் என் மார்க் போச்சு.”

“எவன் அசையறான்னு நான் பாத்துக்கறேன்,” என்றார் ஃபெகி மாமா. ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் ஒழுங்கு பார்க்க நிற்பவர், வாசலளவு அகலம்.

முதல் பாட்டுக்கே லூசி அத்தை கையில் நோட்டோடு எழுந்தாள். மாமா முறைத்தார். அத்தை உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

அடங்காதவர் பின்வரிசை வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர்தான். ஜெர்மன் பாட்டுக்குக் கூடவே முனகினார். மாமா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். டோங்கா பாட்டுக்குக் கிழவர் மூக்கை உறிஞ்சினார். மாமா கைக்குட்டையை நீட்டி, “சத்தமில்லாம அழுங்க, பெரியவரே,” என்றார். கடைசிப் பாட்டு முடிந்ததும் கிழவர் கைதட்ட எழுந்தார். மாமா அவர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

“அவ இன்னும் குனியல. புள்ள மார்க்கைக் கெடுத்துடாதய்யா!”

லாவினியா குனிய மறந்து அலறினாள்.

“மாமா, அவரை விடுங்க! மார்க் போடறவரே அவருதான்!”

கிழவர் மெல்லக் கேட்டார்:

“இப்பவாவது கைதட்டலாமா?”

மாமா அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மொதல்ல மார்க்கைச் சொல்லுங்க.”