மூன்று ஜோடிக் கால்கள்

ஜப்பானின் வெந்நீரூற்று நகரமான பெப்புவில் சாக்கடை மூடிகளின் வழியே வெந்நீர் ஆவி எழுந்து மாலை வெயிலை மங்கலாக்குகிறது. மரச்செருப்புகள் டக்டக்கென்று ஒலிக்கத் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, நாங்கள் மூவரும் சாலையோர வெந்நீர்த் தொட்டியில் காலை விடுகிறோம். "ஐயோ, வெந்துபோச்சுடி!" என்று அலறி சிசுருவும் நானும் காலை வெளியே இழுத்துக்கொள்கிறோம். நத்சுகோ மட்டும் அசையாமல், ஆவியில் வெந்த முட்டையை உரித்துக்கொண்டிருக்கிறாள். "எருமைத் தோல்டி இவளுக்கு!" என்கிறாள் சிசுரு. நத்சுகோவும் சிரிக்கிறாள். அவளுடைய புற்றுநோய் குணமாகிவிட்டது, விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்த அந்த மருந்து இனி வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைக் கொண்டாடத்தான் வந்திருக்கிறோம். தண்ணீருக்குள் அவள் பாதங்கள் செக்கச்செவேலென்று சிவந்துகொண்டே போகின்றன. "காலை எடுடி!" என்று கத்துகிறேன். முட்டை கையிலேயே நிற்க, எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்க்கிறாள்.

"அவ்வளவு சூடாவா இருக்கு?"