எக்ஸ்டர்னலுக்கு இன்னொரு பிரியாணி

"இந்த மனுஷன் வைவாவுக்கு வந்தாரா, விருந்துக்கு வந்தாராடா?" மதி பல்லைக் கடிச்சா.

2001 ஏப்ரல். திருவொற்றியூர் கடலோரம் எங்க இன்ஜினியரிங் காலேஜ். கடைசி வருஷ புராஜெக்டுக்கு நானும் மதியும் மொட்டை மாடியில ஒரு குட்டிக் காற்றாலை நட்டிருந்தோம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல பொறுக்கின குழாய், பி.வி.சி. பைப்பை அறுத்த இறக்கை, சைக்கிள் டைனமோ. தினமும் கிளாஸ் முடிஞ்சு சாயங்காலம் மேல போவோம். விர்ருனு சுத்தும், பல்பு எரியும். அடடா, அந்தச் சந்தோஷம் இப்ப எந்தச் சம்பளத்துல வருது!

வைவா அன்னைக்குக் காலையில பார்த்து இறக்கை அசையவே இல்ல.

வேற காலேஜ்ல இருந்து எக்ஸ்டர்னலா வந்த பேராசிரியர் தேசப்பன் அண்ணாந்து பார்த்தார். "ஓடுவதைப் பார்த்தால்தான் மதிப்பெண். தெரியுமல்லவா?"

தெரியும். ஃபெயிலானா மதிக்குக் கிடைச்ச பெங்களூர் வேலை போயிடும். வியாசர்பாடியில அவ வூட்டுலயே முதல் மாசச் சம்பள வேலை அது.

"ஓடாத புராஜெக்டுக்கு எதுக்கு சார் நேரம்? ஃபெயில் போட்டுடலாம்," எங்க ஹெச்.ஓ.டி. அவசரப்பட்டார்.

"முதலில் டீ சாப்பிடலாமே."

டீ வந்துச்சு. பஜ்ஜி கேட்டார். மத்த பசங்களை எல்லாம் கூப்பிட்டு முடிச்சார், எங்களை மட்டும் கூப்பிடல. மத்தியானம் பிரியாணி. "இன்னொரு பிளேட் கிடைக்குமா?"

"இங்க எனுக்கு உசுரு போவுது, அந்தாளுக்கு லெக் பீஸ் கேக்குதா!" மதி கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எனக்கும் அப்படி ஒரு கோவம்.

ஒருவழியா கை கழுவிட்டு ஜன்னல் பக்கம் நின்னார். "வாருங்கள், மேலே போகலாம்."

மாடிக் கதவைத் திறந்ததும் மதியோட துப்பட்டா பறந்துச்சு. இறக்கை சுத்திகிட்டு இருந்தது. பல்பு பளிச்னு எரிஞ்சது. அங்கயே மார்க் போட்டார்.

மதிக்கு வாய் சும்மா இருக்குமா? "நல்லவேளை சார், நிதானமா சாப்ட்டீங்க!"

அதுவரைக்கும் சுத்தத் தமிழ் பேசின மனுஷன் எங்க பக்கம் குனிஞ்சார்.

"காசிமேட்டுல பொறந்தவன்மா நானு. உச்சி வெயிலு சாயாம கடல்காத்து எறங்காதுன்னு தெரியாதா? சும்மா குந்திகினு இருந்தா உங்க ஹெச்.ஓ.டி. வுடுவாரா? அதான் துன்னுகினே இருந்தேன். எனுக்கு சுகர் வேற கீது, எங்க வூட்டம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்!"