கறுப்புப் புள்ளி

“மறுபடி வந்துருச்சுண்ணா, கறுப்புப் புள்ளி!”

தங்கை கத்தியதும் அண்ணன் ஓடிவந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு ஒன்றும் அதிகமில்லை.

மூன்று மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் வீடியோ கேம் தேர்வுப் போட்டி. ஜெயித்தால் அணியில் இடம், தோற்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மணி இப்போதே இரண்டேகால்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா? நான்கு நாளைக்கு முன் அவளுடைய கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்துவிட்டான். அதாவது, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே விரட்டி ஓட விடுவது. கார்டில் படம் வரைகிற ‘கோர்’ பகுதியின் வேகத்தை நூற்றைம்பது மெகாஹெர்ட்ஸ் ஏற்றியதில், நொடிக்குத் தொண்ணூறு படம் (பிரேம்) வந்த விளையாட்டு தொண்ணூற்றெட்டுக்குப் போனது. வரைய வேண்டியதை எடுத்துக் கொடுக்கிற மெமரியை எண்ணூறு ஏற்றியதும் நூற்றாறைத் தொட்டது.

“பாத்தியாடி வாண்டு, வழுக்கிட்டுப் போகுது!” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இருபது வயதாகியும் வீட்டில் அவள் வாண்டுதான்.

மறுநாளே புள்ளி ஆரம்பித்துவிட்டது.

“இப்ப எந்த இடத்துல வருது?”

“பனிமலை வர்றப்ப. கொசு மாதிரி பறக்குது. ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு வேற வெட்டுது.”

குனிந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆட்டத்தை வீடியோவாகப் பதிவு செய்து ஓட்டினான், அதிலும் பனி பளிங்கு போல இருந்தது. விளையாடிப் பழகின கண்ணுக்குத்தான் இதெல்லாம் அகப்படும் என்று நினைத்துக்கொண்டான்.

“மெமரியை ரொம்ப விரட்டினா இப்படித்தான், தப்புத்தப்பா எடுத்துக் குடுக்கும். பாதியாக் குறைக்கிறேன், இரு.”

பிரேம் நூற்றிரண்டுக்கு இறங்கியது.

“இப்ப?”

“இருக்கு.”

மெமரியைக் கம்பெனி வேகத்துக்கே கொண்டுவந்தான். கோர் வேகத்தையும் இறக்கினான். பழையபடி தொண்ணூறு.

“இருக்குண்ணா. நேத்தைவிட நிறைய இருக்கு.”

மானிட்டர் ஒயரை மாற்றினான். தன் அறையிலிருந்த மானிட்டரைத் தூக்கிவந்து மாட்டினான். அதிலும் புள்ளி இருப்பதாக அவள் தலையை ஆட்டினாள். மணி இரண்டு நாற்பது.

“நல்லா ஓடிட்டிருந்ததை உன்னை யாருண்ணா ஏத்தச் சொன்னா?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ரெண்டு வருஷமா இதுக்குத்தானே உக்காந்து உக்காந்து பழகினேன்? கெடுத்துட்டியே!”

ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் பிழைக்க வைத்தவன், கூடப்பிறந்தவளின் கார்டைக் கொன்றுவிட்டான். இனி அதை யார் என்ன செய்தாலும் பிழைக்காது என்று முடிவு கட்டிவிட்டான். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவன் பையில் பழைய கார்டு ஒன்று கிடந்தது. அறுபது பிரேமுக்கு மேல் தாண்டாது. புள்ளியோடு மல்லுக்கட்டுவதற்கு அது எவ்வளவோ தேவலை.

கம்ப்யூட்டரை அணைத்தான். பிளக்கையும் பிடுங்கிப்போட்டான். மானிட்டர் இருண்டது. ஸ்க்ரூடிரைவரோடு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான்.

“அழாதே வாண்டு. பத்தே நிமிஷம், கார்டை மாத்திடறேன்” என்று அங்கிருந்தபடியே சொன்னான். “கரண்ட்டையே புடுங்கிட்டேன். இனிமே எந்தப் புள்ளி வருதுன்னு நானும் பாக்கறேன்.”

தலையை நீட்டிப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா… செவுத்துலயும் பறக்குது.”