இரண்டிலும் பொட்டு

பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் பார்த்தாள்.

வலப்பக்க டிஸ்கிலும் பொட்டு இருந்தது.

சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கிவிட்டது. இடப்பக்கக் குழியில் ஒரு ஹார்ட் டிஸ்க், வலப்பக்கக் குழியில் இன்னொன்று. இடப்பக்கம் இருப்பதை அப்படியே வலப்பக்கம் எழுதும் பெட்டி அது. வலத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று கேட்காது. அதன் மேலேயே எழுதும்.

கடைக்கு வாடிக்கையாளர் கொண்டுவரும் பழுதான டிஸ்குக்கு அவள் குங்குமப் பொட்டு வைப்பாள். ஒன்பது வருடப் பழக்கம். ஸ்டிக்கர் உரியும், மார்க்கர் அழியும், குங்குமம் லேசில் போகாது. பொட்டு வைத்தது இடப்பக்கம், வைக்காத காலி டிஸ்க் வலப்பக்கம். இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

நேற்று ஆயுத பூஜை.

கணவன் இசக்கிராஜா பெரிய பக்திமான். ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயன், மவுஸ், ஸ்டேப்ளர், ஒன்றையும் விடவில்லை. மேஜையில் கிடந்த இரண்டு டிஸ்குகளையும் விடவில்லை. அவள் வைத்த பொட்டின் மேலேயே சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தான்.

இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே அளவு.

காலையில் வந்ததும் ஒன்றைக் கையில் எடுத்தாள். பொட்டு இருந்தது. இடப்பக்கம் செருகினாள். மற்றதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு திமிர்.

எதிரே ஸ்டூலில் தவசிமுத்து உட்கார்ந்திருந்தார். திசையன்விளைப் பக்கம் முப்பது வருடம் மைக் செட் போட்டவர். கோயில் கொடைத் திருவிழா, கபடிப் போட்டி, கல்யாணம், எதுவானாலும் அறிவிப்பு அவர்தான். இப்போது கழுத்தில் வெள்ளைத் துணி. தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இனி பேச்சு வராது.

டிஸ்கைக் கொடுத்த அன்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்.

‘என் குரல் எல்லாம் இதுலதான் இருக்கு. பேத்திக்கு நாப்பது நாள். ஒரு தடவகூட கேட்டதில்ல.’

விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

மாற்றிச் செருகியிருந்தால், ஒவ்வொரு நொடியும் அந்தக் குரல் அழிந்துகொண்டிருக்கும்.

சரியாகச் செருகியிருந்தால், நிறுத்துவதுதான் தப்பு. அவருடைய டிஸ்க் சாகக் கிடந்தது. முந்தாநாள் ஆறு தடவை திணறி, ஏழாவது தடவைதான் சுற்றியது. இன்னொரு தடவை நின்றால் எழுந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

குனிந்து காது கொடுத்தாள். இரண்டும் ஒரே மாதிரி இரைந்தன.

அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிட்டார்.



சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ‘டிஸ்க் ஏற்கெனவே போயிருந்தது.’ எல்லாக் கடையிலும் சொல்வதுதான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதினொரு வயதில் அவள் சொன்ன பொய் வேறு. அப்பா மனு டைப் அடித்துக்கொடுக்கப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருந்தார். என்ன ஆகும் பார்க்கலாம் என்று ஃபார்மேட் போட்டாள். ஊராரின் மனுக்கள் மொத்தமும் போயின. கரண்ட் போச்சு என்றாள். அப்பா சாகும்வரை கரண்டைத்தான் திட்டினார். போனதை எங்கே தேடுவது என்றுதான் அவள் முதன்முதலில் கேபினட்டைக் கழற்றினாள். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தாள்.

பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

இரைச்சல் அடங்கியது.

இடப்பக்க டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. அவள் கடையின் காலி டிஸ்க்.

வலப்பக்க டிஸ்கை மாட்டினாள். அது திணறியது. நின்றது. மறுபடி திணறி, ஒருவழியாகச் சுற்றியது. அதிலும் ஒன்றும் தெரியவில்லை; ஃபைல்களின் பட்டியல் இருக்கும் முன்பகுதி போயிருந்தது.

“அண்ணாச்சி, நான் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். முன்பக்கம் கொஞ்சம் அழிஞ்சு போச்சு.”

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது.

எழுந்து மேஜையை ஓங்கி அறைந்தார். வாயைத் திறந்து கத்தினார். கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து காற்று மட்டும் வந்தது.

அவள் நகரவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் பேனாவை எடுத்தார். தாள் கிழியும்படி எழுதினார்.

‘தேடு.’

அழியாமல் மிச்சம் இருப்பதைத் துழாவி எடுக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். டிஸ்க் இடையில் நின்றுவிடக் கூடாதே என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். மதியச் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை. மூன்றரை மணிக்குத் திரையில் கிடைத்த ஒலிப்பதிவுகள் வரிசையாக எண்களாக வந்தன. பெயர் இல்லை, தேதி இல்லை, எந்த ஊர்க் கொடை என்று இல்லை. வெறும் எண்கள், நூற்றுக்கணக்கில்.

முதல் எண்ணுக்கு மவுஸை நகர்த்தினாள்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். போனை எடுத்து மகளை அழைத்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார்.

“அண்ணாச்சி, இதுல என்ன இருக்கும்னு எனக்கே தெரியாது. முதல்ல நாம கேட்டுப் பாத்துக்கிடுவோம்.”

அவர் கையை இறக்கவில்லை.

மறுமுனையில் மகள் “அப்பா?” என்றாள். கேட்ட பிறகுதான், பதில் வராது என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

அவள் மவுஸை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் கரகரப்பு. யாரோ மைக்கை விரலால் இரண்டு தடவை தட்டினார்கள். பிறகு ஓர் ஆண் தொண்டையைச் செருமினார்.

தவசிமுத்துவின் கை கழுத்துத் துணிக்குப் போனது.