பெல்ட்

ராணுவ நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல்தான் உள்ளே வரவேண்டும். அங்கே வக்கீலாகவே இளமையைக் கழித்துவிட்டுக் குடும்பநல நீதிமன்றத்துக்கு வந்த சுகிர்தாவை அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. தனியாக வாழும் வீட்டில் பூனையைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் கட்டளை போலத்தான் இருக்கும்.

மகளைத் தன்னோடு அனுப்பும்படி வழக்குப் போட்டிருந்த அவளுடைய கட்சிக்காரன் ஞானவேல் அன்று நீதிமன்ற வராந்தாவில் அவளருகே நின்றான். எதிர்ப் பெஞ்சில் அவன் மனைவியும் சிறுமியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எம் புள்ளைய ஒரு சுடுசொல் சொன்னதில்ல மேடம்," என்று கண் கலங்கினான்.

சுகிர்தா நம்பினாள். தன்னைத் தேட யாருமில்லாத அவளுக்கு, பிள்ளையைத் தேடி அழுகிற ஒருவனைப் பார்ப்பதே ஆறுதலாக இருந்தது. எப்படியாவது குழந்தையை அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

"பெல்ட்டக் கழட்டுங்க," என்றாள், பழக்கத்தில் வாய் தவறி.

"இங்கயுமா மேடம்? பேன்ட் நிக்காதே!" சிரித்துக்கொண்டே அவன் உருவினான். சரக்கென்று தோல் சத்தம் கேட்டது.

சிறுமி மடியிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். யாரும் சொல்லாமலே எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகில் கிடந்த சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"பாப்பா, அப்பா சும்மாடா..."

மறுபடியும் கூப்பிட்டார்கள். "போலாமா மேடம்?"

சுகிர்தா பெல்ட்டை அவன் கையிலிருந்து வாங்கினாள். அதைப் பிடித்தபடியே சிறுமியை நோக்கி நடந்தாள். காலடிச் சத்தம் நெருங்க நெருங்க, அந்தச் சின்னத் தோள்கள் இன்னும் ஒடுங்கின.